பாதுகாப்புப் பெட்டி வாங்கும் முன்

தி. நகர் பாண்டி பஜாரிலோ மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டியோ உள்ள ஒரு மின்சாமான் கடைக்குப் போய், "ஸ்பைக் பஸ்டர் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளையாய், நீளமாய் ஒரு பெட்டி கைக்கு வரும். நான்கைந்து சாக்கெட்டுகள், சிவப்பாய் எரியும் ஒரு சுவிட்சு, இரண்டு முழ நீளத்துக்கு ஒரு வயர். கம்ப்யூட்டர், டி.வி., இணையப் பெட்டி எல்லாவற்றையும் அதில் செருகிவிட்டு, 'இனி இடி இடித்தாலும் கவலையில்லை' என்று வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். அந்த நிம்மதிக்கு அடிப்படை உண்டா? பல வீடுகளில் இல்லை என்பதே என் கருத்து. காரணத்தைப் புரிந்துகொள்ள நீங்கள் வகுப்பில் படித்த ஓம் விதியே போதும்.

முதலில் நோய் என்னவென்று பார்ப்போம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். 230 என்பது பயனுறு மதிப்பு; உச்சத்தில் அது 325 வோல்ட்டைத் தொட்டு இறங்குகிறது. இந்த அலையின் மேல் சில வேளைகளில் ஊசிமுனை போல ஓர் எழுச்சி தோன்றும். அதன் உயரம் ஆயிரம் வோல்ட்டையும் தாண்டலாம். ஆனால் ஆயுளோ ஒரு நொடியை லட்சம் கூறாக்கினால் அதில் சில கூறுகள்தாம். மின்னல் நம் வீட்டின் மேல் விழ வேண்டும் என்பதில்லை. அக்கம்பக்கத்தில் விழுந்தாலே கம்பிகளில் இத்தகைய எழுச்சி தூண்டப்படும். சென்னைக்கு இடி ஐப்பசி, கார்த்திகை மழையோடு மட்டும் வருவதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை வேளைகளில் மேற்கிலிருந்து வரும் கருமேகங்களைப் பார்த்திருப்பீர்கள். மேகமே இல்லாத நாளிலும் அடுக்குமாடி வீட்டின் லிஃப்ட் மோட்டார் நிற்கும்போது, அதன் காந்தப்புலம் சட்டென்று சரிவதால் சிறு எழுச்சிகள் பிறக்கின்றன. எல்லாம் ஃபாரடே சொன்ன தூண்டல்தான்.

இதற்கு மருந்து அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்ன வில்லை. வாரிஸ்டர் என்பது அதன் பெயர். துத்தநாக ஆக்சைடுத் தூளை வேறு சில உலோக ஆக்சைடுகளுடன் கலந்து, பீங்கானைச் சுடுவதுபோல் சுட்டுச் செய்தது. 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் இது உருவாயிற்று. ஓம் விதிக்கு அடங்காத பொருள் இது. 275 வோல்ட் என்று குறித்த வில்லை, வழக்கமான 325 வோல்ட் உச்சத்துக்குச் சும்மா இருக்கும். 430 வோல்ட்டை ஒட்டி மெல்லக் கடத்தத் தொடங்கும். அதற்கு மேலே போனால் மதகு திறந்தாற்போல மின்னோட்டத்தைத் தன் வழியே திருப்பிவிடும். எழுச்சி போனதும் மறுபடி மூடிக்கொள்ளும். அழகான ஏற்பாடு! சில மலிவுப் பெட்டிகளில் இந்த வில்லையே இருப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. சிவப்பு விளக்கு மட்டும் தவறாமல் இருக்கும்.

பெட்டியின் அட்டையில் '300 ஜூல்' என்பது போல ஏதாவது அச்சிட்டிருப்பார்கள். பெரிய எண்ணாகத் தோன்றுகிறது அல்லவா? 100 வாட் பல்பு ஒன்று 3 நொடியில் எடுத்துக்கொள்ளும் ஆற்றல் அவ்வளவுதான். கணப்பொழுதில் மறையும் ஊசி எழுச்சிக்கு அது தாராளம். பல நொடிகள் நீடிக்கும் மிகை மின்னழுத்தத்துக்கோ அது ஒரு வாய்க்குக்கூடக் காணாது.

அப்படி நீடிக்கும் மிகை மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது என்கிறீர்களா? தெருவோரத்தில் நிற்கும் பில்லர் பெட்டியைப் பாருங்கள். நகரின் பழைய பகுதிகளில் மின்சாரம் பூமிக்கடியில் கேபிளாக வந்து, இப்பெட்டிகளில் பிரிந்து வீடுகளுக்குப் போகிறது. மூன்று ஃபேஸ் கம்பிகள், அவற்றுக்குப் பொதுவாக ஒரு நியூட்ரல். ஏதாவது ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். மழைநீரும் கடற்கரை உப்புக்காற்றும் பட்டு, நியூட்ரல் இணைப்பு துருப்பிடித்து விட்டுப்போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபேஸில் உங்கள் வீட்டின் 100 வாட் பல்பு மட்டும் எரிகிறது. இன்னொரு ஃபேஸில் எதிர்வீட்டார் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி போட்டிருக்கிறார்கள். நியூட்ரல் இல்லாததால் இரண்டும் இப்போது 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடர் இணைப்பில் நிற்கின்றன. பல்பின் மின்தடை 529 ஓம். இஸ்திரிப் பெட்டியுடையது 52.9 ஓம். மின்தடை மாறாதென்று கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்: எதிர்வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கு 36 வோல்ட், உங்கள் பல்புக்கு 364 வோல்ட்!

பல்பு பளீரென்று எரிந்து போகும். அந்த இடத்தில் ஃபிரிட்ஜோ டி.வி.யோ இருந்தால் அதற்கும் அதே கதிதான். வாரிஸ்டர் காப்பாற்றாதா என்றால், 364 வோல்ட்டின் உச்சம் 514 வோல்ட். நொடிக்கு நூறு முறை மதகு திறக்கிறது. வில்லை கொதித்து, புகைந்து, சில வேளை தீயும் பிடிக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் மழைத்துளிக்குப் பிடித்த குடையை வெள்ளத்துக்கு எதிரே நீட்டிய கதை. இங்கே வேண்டியது வேறு ஒரு கருவி. மின்னழுத்தம் எல்லை மீறினால் இணைப்பையே துண்டித்து, நிலைமை சீரானபின் சற்றுப் பொறுத்து மீண்டும் சேர்க்கும் 'ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப்'. வீட்டின் மெயின் போர்டில் ஒன்று வைத்தால் வீடு முழுவதற்கும் காவல். என்னைக் கேட்டால், நான்கு அறைக்கு நான்கு ஸ்பைக் பஸ்டர் வாங்கும் பணத்தில் முதலில் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இழுக்கிறதா? 'லேசாக ஷாக் அடிக்கும், பயப்படாதே' என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அது உங்கள் வீட்டு எர்த் செத்துவிட்டது என்பதன் அறிவிப்பு. கம்ப்யூட்டருக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு இரண்டு சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. எர்த் இருந்தால் அவை வழியாகக் கசிவது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230-இல் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட், பெட்டியின் மேலேயே தங்கிவிடுகிறது. ஓட்டம் மிகச் சிறிது என்பதால் பிழைக்கிறோம். இந்த வீட்டில் பாதுகாப்புப் பெட்டியின் வாரிஸ்டர் எழுச்சியை எர்த் கம்பிக்குத் திருப்பினால் அது எங்கே போகும்? அதே பெட்டியில் செருகியுள்ள மற்ற சாதனங்களின் உடலுக்குத்தான். காவலாளியே கதவைத் திறந்துவிட்டது போல!

எர்த் செத்துப்போகப் பல வழிகள். மயிலாப்பூரின் பழைய வீடுகள் பலவற்றில் இரண்டு கம்பி வயரிங்தான் இருந்தது. பின்னால் மூன்று துளை சாக்கெட் மாட்டினார்களே தவிர மூன்றாம் கம்பி வரவில்லை. அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் மணற்பாங்கான நிலம்; கோடையில் காய்ந்தால் மின்தடை எகிறும். அதனால்தான் எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, வேனிற்காலத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். அந்தக் குழியின் மேல் சிமென்ட் பூசி, மேலே கார் நிறுத்திவிட்டால் யார் ஊற்றுவது? இன்னும் சிலர் குறுக்குவழியாக, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுகிறார்கள். இதைவிட அபாயம் வேறில்லை. நியூட்ரல் அறுந்த கணத்தில் ஃபிரிட்ஜின் கதவிலே 230 வோல்ட் நிற்கும். இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக எர்த் துளையில் பேனா முனையை நுழைக்கும் வழக்கத்தையும் இன்றே விட்டுவிடுங்கள். அந்தத் துளைக்கு நீளமான முள் வைத்ததே, எர்த் முதலில் தொட்டு மற்ற துளைகளின் மூடிகளைத் திறக்கட்டும் என்பதற்காகத்தான்.

அமெரிக்காவில் சமையலறை, படுக்கையோடு கூடிய வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுவோர் பலர். இரவில் ஏதாவது ஒரு முகாமில் வண்டியை நிறுத்தி, அங்குள்ள கம்பத்திலிருந்து மின்சாரம் எடுப்பார்கள். யாரோ எப்போதோ வயரிங் செய்த கம்பம், நம்ப முடியாது. ஆகவே அவர்கள் வாங்கும் உயர்தரப் பாதுகாப்புக் கருவி, வண்டிக்குள் மின்சாரத்தை உடனே விடுவதில்லை. எர்த் இருக்கிறதா, நியூட்ரல் இருக்கிறதா, கம்பிகள் இடம் மாறியுள்ளனவா, வோல்டேஜ் சரியா என்று கம்பத்தைச் சோதிக்கிறது. இரண்டு நிமிடம் போல் காத்திருந்து, பிறகே இணைக்கிறது. எழுச்சியைத் தடுப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான். நம் வீட்டுக்கும் அந்த வரிசைதான் பொருந்தும் என்கிறேன். ஆனால் அந்த நாட்டுப் பெட்டியையே அண்ணனோ மாமாவோ வாங்கி வந்தால் இங்கே செருகாதீர்கள். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230-ஐக் கண்டதும் அதன் வாரிஸ்டர் வெடிக்கும்.

ஸ்டெபிலைசர் வேண்டாமா என்று கேட்பீர்கள். 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபின் வெகு காலம், டி.வி. என்றால் பக்கத்தில் ஒரு ஸ்டெபிலைசரும் உட்கார்ந்திருக்கும். இன்று உங்கள் செல்போன் சார்ஜரின் பொடி எழுத்தைப் படியுங்கள்: 100 முதல் 240 வோல்ட் வரை. பல புதிய டி.வி.க்களிலும் இப்படித்தான். குறைந்த மின்னழுத்தம் இவற்றை ஒன்றும் செய்யாது. பழைய ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் வேண்டுமானால் இருக்கட்டும்.

ஆகவே கடைக்குப் போகும் முன், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, எர்த் டெஸ்டரால் மின்தடையை அளந்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களே கம்பியைத் தொட்டுச் சோதிக்க வேண்டாம். பிறகு கட்-ஆஃப். அதன் பிறகே ஸ்பைக் பஸ்டர். வாங்கும்போது ஜூல் அளவு, ஐ.எஸ்.ஐ. முத்திரை, வாரிஸ்டர் சூடானால் அறுத்துவிடும் ஃபியூஸ் ஆகியவை உண்டா என்று கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கேபிள் டி.வி.யின் செப்புக் கம்பி வழியாகவும் எழுச்சி வரும் என்பதை மறந்துவிடாதீர்கள். கண்ணாடி இழை வழியாக வராது. 2016 டிசம்பர் 12-இல் வந்த வர்தா போன்ற புயலுக்குப் பின் மின்சாரம் விட்டு விட்டு வரும் நாட்களில், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி வைப்பதற்கு நிகரான கருவி எந்தக் கடையிலும் இல்லை.

வாரிஸ்டர் ஒவ்வோர் எழுச்சிக்கும் கொஞ்சம் தேய்கிறது. 'புரொடெக்டட்' என்ற பச்சை விளக்கு உள்ள பெட்டி என்றால், அது அணைந்த நாளில் பெட்டியை மாற்றிவிடுங்கள். சாக்கெட்டுகளில் மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். காவல் மட்டும் இருக்காது.