குணசேகரன் வில்லனா, நம்ம வீட்டுப் பெரியவரா?

சன் டி.வி ‘எதிர்நீச்சல்’ சீரியலின் ஆதி குணசேகரனைத் திட்டித் தீர்த்தோம். ‘இந்தாம்மா ஏய்’ மீம்ஸை ஷேர் பண்ணி ரசிக்கவும் செஞ்சோம். 2023 செப்டம்பர் 8-ல் அந்த ரோலில் நடித்த மாரிமுத்து இறந்தபோது கலங்கினோம். திட்டும் ரசனையும் ஒண்ணா வரக் காரணம், அந்த ஆளை நமக்கு முன்னாடியே தெரியும்.

படிச்ச பொண்ணுங்களாத் தேடி மருமகளாக்குற குடும்பம் அவருடையது. ஆனா, வேலைக்குப் போகக் கூடாது. டிகிரி பெருமையாம், சம்பளம் கௌரவக் குறைச்சலாம்! இதை அராஜகம்னு அவர் நினைக்கிறதே இல்ல. குடும்பத்தைக் காப்பாத்துறதா நம்புறார். ஆபத்தே அந்த நம்பிக்கைதான்.

பாடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பஸ் ஏறும் பொண்ணுங்ககிட்டயும் வரன் வந்ததும் கேட்கப்படுற கேள்விதான், “வேலையை விட்டுடுவியாம்மா?” உங்க வீட்டுல யாராவது அப்படிக் கேட்டா, அந்த மீமை அங்கேயும் ஷேர் பண்ணுங்க.