எவருடைய அமைதி?

நகரத்து இரைச்சலில் சோர்ந்த உள்ளத்துக்கு நிழற்படக் கலையே மருந்து என்னும் பேச்சு சிங்கப்பூரில் இன்று பரவலாகக் கேட்கிறது. கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கேலாங் வீதிகளில் இரண்டு மணி நேரம் நடந்தால் மனம் அடங்கிவிடுமாம். அடங்கட்டும். எவருடைய அமைதியை விலையாகக் கொடுத்து என்பதே வினா.

கேலாங் சாலையின் இருபுறமும் பிரியும் லோரோங்குகளில், பழைய கடைவீடுகளின் மாடிகளில், வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் தங்கியுள்ளனர். ஆறு நாள் கட்டுமானத் தளத்தில் உழைத்தவர் ஞாயிறன்று ஐந்தடி நடைபாதையில் அமர்ந்து ஊரிலுள்ளோருடன் பேசுகிறார். துவைத்த சட்டையை உதறிக் காயப்போடுகிறார். அவருக்கு வாய்த்த ஓய்வு அவ்வளவே. அந்நேரம் பார்த்து முகத்துக்கு நேரே ஒரு கருவி நீள்கிறது. அவர் தலை கவிழ்கிறார். எடுத்தவரோ இயல்பான காட்சி கிடைத்ததென மகிழ்ந்து அடுத்த சந்துக்குப் போகிறார்.

பொது இடந்தானே, சட்டம் தடுக்கவில்லையே என்பர். மெய்தான். ஆயினும் இவ்வாதம் பேசும் தமிழர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆர்ச்சர்ட் சாலையிலிருந்து இடம்பெயர்ந்து 1993இல் கேலாங் கிழக்கில் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயிலில், கண்மூடிக் கைகூப்பி நிற்கையில் முன்பின் அறியாதவர் படம் பிடித்தால் பொறுப்பார்களா? தேக்காவில் ஞாயிறு மாலை கூடும் நம்மவரை வேடிக்கைப் பொருளாக்கினால் சினப்பவர்கள், கேலாங்கில் வங்காளதேசத்தவரையும் சீனரையும் அவ்வாறு ஆக்குவது எந்த நீதி?

கலையைப் பழிப்பதற்கில்லை. கார் பழுதுபார்க்கும் தொழிலில் பிழைத்து, பின்னர் துப்புரவாளராகவும் வேலை செய்தவர் லுய் ஹொக் செங். அவர் பல்லாண்டுகளுக்கு முன் எடுத்த படங்கள் 2019இல், எண்பது கடந்த வயதில்தான், தனிக் கண்காட்சியாயின. உழைப்பாளிகளை ஓர் உழைப்பாளியே பார்த்தார். அப்பார்வையில் வேட்டை இல்லை. அக்காலத்து 120 படச்சுருளில் சதுரப் படமெனில் பன்னிரண்டே எடுக்கலாம். தவறினால் காசு போயிற்று. ஆகவே காத்திருந்தனர். இன்று நினைவட்டையில் ஆயிரம் படங்களுக்கு இடமுண்டு. அதனால் காத்திருத்தல் கூடாதென்று விதித்தவர் யார்?

அமைதி நாடுவோர் ஒரே லோரோங்கில், ஒரே காப்பிக்கடையில் நான்கு ஞாயிறு அமர்ந்து பார்க்கட்டும். முதல் வாரம் கருவி பைக்குள்ளேயே கிடக்கட்டும். மூன்றாம் வாரம் தேநீர் ஆற்றுபவரின் பெயர் தெரிந்திருக்கும். நான்காம் வாரம் அந்தத் தொழிலாளியே அருகில் வந்து, ஊருக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துத் தருமாறு கேட்கக்கூடும். அவர் சட்டைப் பொத்தான்களைப் போட்டு, தலைவாரி முடிக்கும் வரை கருவிக்காரர் பேசாமல் நிற்க வேண்டியிருக்கும்.