தடை வேண்டியது இரவுக்கு அல்ல

திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் சாலையில் லாரி விபத்து நடந்தால், மறுநாள் டீக்கடையில் கேட்கும் யோசனை ஒன்றுதான்: ராத்திரியில் கனரக வண்டியை விடக்கூடாது. கோபம் நியாயமானது. யோசனை சரியல்ல.

இந்தச் சாலைக்கு இருட்டிலும் ஆள் நடமாட்டம் உண்டு. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம், அமாவாசைக்கு மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவம். இரண்டுமே இரவுக் கூட்டம். அறுவடைக் காலத்தில் சீயமங்கலம், தேசூர் பக்கத்திலிருந்தெல்லாம் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு வரும் நெல் வண்டிகள் வேறு. டிராக்டர் டிரெய்லரில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பெரிய விஷயம். எதிரே ஹைபீமில் வரும் பஸ் டிம் அடிக்காவிட்டால், முன்னால் நிற்பது டிரெய்லரா வெறும் இருட்டா என்று லாரி டிரைவருக்குத் தெரியாது.

அப்படியானால் பகலில் ஓட்டச் சொல்லலாமே? சித்திரை வெயிலில் தார் கொதிக்கும்போது பாரம் ஏற்றிய வண்டிக்கு டயர் வெடிக்கும் பயம் அதிகம். சென்னையின் பல சாலைகளில் பகலில் கனரக வண்டிக்கு அனுமதி இல்லை; விடிவதற்குள் சரக்கை இறக்கிவிட்டு வெளியேற வேண்டும். பள்ளிப் பிள்ளைகளும் ஷேர் ஆட்டோக்களும் மொய்க்கும் செஞ்சிக் கடைவீதியை அந்த லாரிகள் பகலில் கடப்பதை யார் விரும்புவார்கள்? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகளில் விபத்து மிகுந்த நேரம் நள்ளிரவு அல்ல, மாலை 6 முதல் 9 மணி வரை. நள்ளிரவில் வண்டிகள் குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் 2022இல் 64,105 சாலை விபத்துகளோடு நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாநிலம், பழியை இருட்டின் தலையில் கட்டித் தப்பிக்க முடியாது.

திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரி முதல் இரவுத் தடை இருக்கிறதே என்பார்கள். அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்து விலங்குகளுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்ன தடை. செஞ்சியில் அப்படி மறித்தால் லாரிகள் சாலையோரத்தில்தான் வரிசைகட்டும். பார்க்கிங் லைட் எரியாமல் நிற்கும் லாரி, ஓடும் லாரியைவிடக் கொடியது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் கடைசியாக எப்போது தூங்கினார்? உடம்பு தானாகவே சோர்ந்து கண்ணை இழுக்கும் நேரம், பின்னிரவு 2 முதல் 5 மணி வரை. முந்தைய பகலில் நன்றாகத் தூங்கியவர் அதைச் சமாளித்துவிடுவார். நம் டிரைவரின் பகல் தூக்கம் எங்கே? குடோன் வாசலில், லாரிக்கு அடியில் சேசிஸில் கட்டிய தூளியில். கேபின் உலையாகக் கொதிக்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம், நல்லது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரிகளுக்கு அது பொருந்தாது. "அடுத்து உன் வண்டிதான், பின்னால் எடு" என்று அழைப்பு வந்தால் தூக்கம் கலைந்தது. இறக்கியதும் அடுத்த லோடு தயார். நடைக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குகிறவருக்குத் தூங்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டம்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரையறுத்தது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. வண்டியில் பொருத்திய கருவியே அதைப் பதிவு செய்கிறது. நாமோ எதிர்த்திசையில் போனோம். நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்றிருந்த விதியை 2018இல் மத்திய அரசு நீக்கிவிட்டது. செலவு மிச்சம் முதலாளிக்கு. விழிப்பு முழுக்க ஒருவருக்கு. இரவு நெடுந்தூர நடைக்காவது இரண்டாவது டிரைவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கண்காணிப்பது எப்படி என்று அதிகாரிகள் கையை விரிக்கலாம். லாரி எந்தச் சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது ஃபாஸ்டேக்கில் இருக்கிறது. வரி ஏய்ப்பைப் பிடிக்க அதை இ-வே பில்லோடு இணைத்தும் ஆயிற்று. ஒற்றை டிரைவர் ஓட்டும் லாரியில் வண்டி ஓடிய நேரம்தான் அவர் ஓட்டிய நேரம். சரக்கைத் தேடப் பயன்படும் தகவல், தூக்கத்தைக் கணக்கிடவும் பயன்படும்.

இதற்கு டெல்லியின் கையை எதிர்பார்க்கத் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, டிரைவரின் வேலை நேரத்தை முன்கூட்டியே நிர்ணயித்துப் பதிவு செய்யுமாறு முதலாளிகளைக் கட்டாயப்படுத்த மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. தமிழக அரசு அதைப் பயன்படுத்த வேண்டும்.

வாடகை உயரும், ஒரே லாரியைக் கடனில் ஓட்டும் சிறு முதலாளி நொடிந்துபோவார் என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆகவே பெரிய பார்சல், சிமென்ட், கன்டெய்னர் நிறுவனங்களிலிருந்து தொடங்கட்டும். காலை 6 மணிக்குச் சரக்கு வந்தாக வேண்டும் என்று நேரம் குறிக்கும் ஆலைகளும் குடோன்களும் கூடுதல் கூலியில் பங்கு ஏற்க வேண்டும். லாரி காத்துக்கிடக்கும் நேரத்துக்கும் பணம் தர வேண்டும். திண்டிவனத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள நிறுத்துமிடங்களை நெடுஞ்சாலைத் துறை அடுத்த கோடைக்குள் அமைக்கட்டும்.