வலிக்கு வேண்டியது எந்த மாத்திரை?

சொத்தை ஆழமாகிப் பற்கூழைத் தொட்டுவிட்டால், பல் மருத்துவர் வேர்ச் சிகிச்சை செய்கிறார். நோயுற்ற பற்கூழை அதிலுள்ள நரம்போடு அகற்றி, வேர்க்குழாய்களைத் துப்புரவு செய்து அடைத்துவிடுகிறார். 'ரூட் கெனால்' என்று நாம் சொல்வது இதைத்தான். நரம்பே போன பின்னும் சில நாட்கள் வலிக்கிறதே, ஏன்?

அப்போது வலிப்பது பல்லன்று. பல்லைத் தாடை எலும்போடு பிணைத்துள்ள திசுக்கள். முன்பே இருந்த நோயினாலும், கருவிகள் பட்டதாலும் வேர் நுனியைச் சுற்றி அழற்சி உண்டாகிறது. அங்கே தோன்றும் புராஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்கள் நரம்பு முனைகளின் உணர்ச்சியை மிகுவிக்கின்றன. கடித்தால் சுரீர் என்கிறது. ஆஸ்பிரின் இப்பொருள்கள் உண்டாவதைத் தடுக்கிறது என்று 1971-இல் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இபுபுரோஃபெனும் இவ்வழியிலேயே வலியைத் தணிக்கிறது.

ஆனால் நம்மில் பலர் செய்வதென்ன? பல்வலி என்றதும் மருந்துக் கடையில் இரண்டு ஆன்ட்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். அது பாக்டீரியாவைக் கொல்லும்; வலியைத் தணிக்கும் மருந்தன்று. "சாப்பிட்டேன், மறுநாள் வலி போயிற்றே!" என்பார்கள். சிகிச்சைக்குப் பின் வரும் வலி பெரும்பாலும் தானே தணிவது. மருந்துக்குப் பின் நடந்ததெல்லாம் மருந்தால் நடந்தது ஆகிவிடுமா?

'இரண்டு மாத்திரையில் என்ன கெட்டுவிடும்?' என்று கேட்கலாம். எளிதில் சாகும் பாக்டீரியாக்கள் மடிய, எதிர்ப்பாற்றல் உள்ளவை பிழைத்துப் பெருகும். பெனிசிலினைக் கண்டறிந்த ஃபிளெமிங், 1945-இல் தம் நோபல் உரையிலேயே குறைந்த அளவில் அதை உண்பதன் ஆபத்தை எச்சரித்தார். பின்னாளில் உண்மையான நோய்த்தொற்று வரும்போது மருந்து பலிக்காமல் போனால், இழப்பு நமக்கு மட்டுமன்று, ஊருக்கே.

பெரியவர்களின் பல்வலிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆன்ட்டிபயாட்டிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் கூறியது. இபுபுரோஃபென் வகை மருந்து, தனியாகவோ பாராசிட்டமாலுடன் சேர்த்தோ, முதலில் தரத்தக்கது என்று 2024-இல் அறிவுறுத்தியது. முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் கதை வேறு; உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வலி மாத்திரையும் மிட்டாய் அன்று. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இபுபுரோஃபென் தீங்கு செய்யலாம். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும். ஈறில் ஆஸ்பிரினை வைத்து அடக்கினால் ஈறு வெந்துபோகும். ஆகவே எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரே சொல்லட்டும். "இது வலிக்கா, கிருமிக்கா?" என்று அவரிடம் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும், மாணவர்களே!