துறவியின் பட்டாணிக் கணக்கு

உயிரியலில் கணக்கிற்கு என்ன வேலை என்று பிள்ளைகள் நம்மைக் கேட்பதுண்டு. இன்று செக் நாட்டிலுள்ள புர்னோ நகரில், அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல், 1856 முதல் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆராய்ந்தார். உருண்டை விதை வகையையும் சுருங்கிய விதை வகையையும் கலந்தபோது விளைந்தவை யாவும் உருண்டை. அவற்றை விதைத்துப் பெற்ற அடுத்த தலைமுறையை அவர் பொறுமையாக எண்ணினார்: உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! பண்பு அழியவில்லை, மறைந்தே இருந்தது. 1866-இல் அச்சேறிய இவ்வாய்வின் அருமையை அறிஞர் உலகம் 1900-இல்தான் உணர்ந்தது. மெண்டலோ 1884-இலேயே மறைந்துவிட்டார்.

இக்கணக்கு நம் இல்லங்களையும் தொடுகிறது. தலசீமியா என்னும் இரத்த நோயின் கூறு தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருந்தால், குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. முதற் குழந்தை நோயுற்றதால் அடுத்த மூன்றும் நலமாகப் பிறக்கும் என எண்ணுவோர் உளர். அது பிசகு. ஒவ்வொரு கருவுக்கும் அதே நான்கில் ஒன்றுதான். முன்பிறந்த குழந்தையை அக்கணக்கு அறியாது. தாயை மட்டும் பழிக்கும் உறவினரும் (எத்தனை வீடுகளில் காண்கிறோம்!) இதனை அறிதல் வேண்டும்: நோயின் கூறு இருவர் வழியும் வந்தது. மணத்திற்கு முன்னரே எளிய இரத்தப் பரிசோதனையால் அதனைக் கண்டறிய இயலும்.