ஐயாயிரம் கோடிக் காகிதம்

யுத்தத்தின் ஆயுதங்கள் துப்பாக்கியும் குண்டும்தான் என்று நினைப்பவர்கள் வியட்நாம் யுத்தத்தின் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1965லிருந்து 1972 வரை அந்தச் சிறு நாட்டின் மீதும், அதை ஒட்டிய லாவோஸ், கம்போடியாக் காட்டுப் பாதைகள் மீதும் அமெரிக்க ராணுவம் ஆகாயத்திலிருந்து வீசிய துண்டுப்பிரசுரங்கள் 5,000 கோடிக்கு மேல்! வடக்கிலும் தெற்கிலும் வாழ்ந்த ஜனங்களுக்கு இதைப் பங்கிட்டால், தொட்டில் குழந்தை உள்பட ஆளுக்கு 1,500 காகிதம் விழுகிறது. அரிசி கொடுக்க வக்கில்லாதவர்கள் காகிதத்தை அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள்.

இதற்கு அவர்கள் சூட்டிய பெயர் மனோதத்துவ யுத்தம். எதிரியின் நெஞ்சுரத்தைக் கரைப்பது, தோழன் மேல் தோழனுக்குச் சந்தேகத்தை மூட்டுவது, 'இனிமேல் போராடிப் பயனில்லை' என்ற எண்ணத்தை மெல்ல மெல்ல ஊட்டுவது - இதுதான் அதன் வேலை. பழைய கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2023 அக்டோபர் 13ந் தேதி காஸாவின் வடபகுதி மக்களின் தலைமேல் இஸ்ரேல் விமானங்கள் முதலில் போட்ட காகிதம் 'வீட்டை விட்டு ஓடு' என்றது. குண்டும் கூடவே வந்தது. இன்று எந்த யுத்தத்திலும் காகிதமும், வானொலியும், கைபேசிச் செய்தியும் படையோடு படையாக நடக்கின்றன. ஆகவே இந்த ஆயுதம் எங்கே வெட்டும், எங்கே மழுங்கும் என்பதை உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்வது அவசியம். அதற்கு வியட்நாமை விடச் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை.

எப்படி நடத்தினார்கள் இந்தக் காகித யுத்தத்தை? 1965ல் சைகோனில் இதற்கென்றே ஒரு கூட்டுக் காரியாலயம் திறந்தார்கள். மணிலாவிலும் ஒகினாவாவிலும் இருந்த அச்சகங்கள் இரவு பகலாக ஓடின. விமானங்கள் கட்டுக்கட்டாகக் காகிதத்தைக் கொட்டின. ஒலிபெருக்கி கட்டிய விமானங்கள் கிராமங்களின் மேல் வட்டமிட்டுக் கூவின. தென்வியட்நாம் சர்க்கார் 1963லேயே 'சியூ ஹோய்' என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. திரும்பி வா என்று அழைப்பது என அதற்குப் பொருள். துப்பாக்கியோடு வருபவனுக்குத் துப்பாக்கியின் ரகத்துக்கு ஏற்ற வெகுமதி. கையில் காட்ட ஏழு நாட்டுக் கொடிகள் அச்சிட்ட 'அபயச் சீட்டு'. இயக்கத்தை விட்டுப் போனவனின் போட்டோவையும், அவன் கையால் எழுதிய கடிதத்தையும் அச்சடித்து, அவனுடைய பழைய தோழர்கள் இருக்கும் காட்டிலேயே வீசினார்கள். ஸ்டிரைக்கின் பத்தாவது நாள் ஆலை வாசலில் ஒட்டப்படும் நோட்டீசைப் படித்தவர்களுக்கு இந்த வித்தை புதிதாக இராது.

கோமாளித்தனத்துக்கும் குறைவில்லை. இஸ்பேட் ஆஸைக் கண்டால் வியட்நாமியன் சாவே வந்ததுபோல் நடுங்குவான் என்று அமெரிக்கச் சிப்பாய்களிடையே யாரோ கதை கட்டிவிட்டார்கள். 1966ல் ராணுவ அதிகாரிகள் அமெரிக்கச் சீட்டுக் கம்பெனி ஒன்றுக்கு எழுத, கட்டு முழுவதும் இஸ்பேட் ஆஸாகவே உள்ள பெட்டிகள் கப்பலேறி வந்து சேர்ந்தன. செத்தவர்கள் உடல்மேலும் ஊர்ப் பாதைகளிலும் அவற்றை இறைத்தார்கள். அந்தச் சீட்டுக்கு வியட்நாமிய விவசாயியின் நம்பிக்கைகளில் எந்த இடமும் கிடையாது! தங்களுடைய சொந்த மூடநம்பிக்கையை அடுத்தவன் தலையில் ஏற்றி, அதற்கு அவன் பயப்படுவான் என்று காத்திருந்தார்கள்.

இன்னொன்று சிரிப்புக்கு உரியதல்ல. முறைப்படி அடக்கம் செய்யப்படாதவனின் ஆவி அலைந்து திரியும் என்பது வியட்நாமிய மக்களின் பழைய நம்பிக்கை. 1960களின் இறுதியில் அமெரிக்க ராணுவம் சைகோன் ஸ்டூடியோவில் ஒரு நாடாவைப் பதிவு செய்தது. சாவு மேளம், தகப்பனைத் தேடி அழும் குழந்தையின் குரல், 'நான் செத்துவிட்டேன், நீங்களாவது வீடு திரும்புங்கள்' என்று கதறும் ஆவியின் குரல். இதை நள்ளிரவில் ஹெலிகாப்டரிலிருந்து காட்டின் மேல் ஒலிபரப்பினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் நிறைந்த கிராமங்களில் இந்தக் கூத்து! பல இடங்களில் அதற்குக் கிடைத்த பதில், சத்தம் வந்த திக்கை நோக்கித் துப்பாக்கிச் சூடு. அமெரிக்கர்களின் பக்கம் நின்ற தென்வியட்நாம் சிப்பாய்கள்தான் அதைக் கேட்டுக் கலங்கினார்கள். அவர்களுக்கும் அதே நம்பிக்கைதானே?

ஆனால் காகிதம் ஏன் தோற்றது என்பதற்கு விடை சீட்டுக்கட்டிலும் நாடாவிலும் இல்லை. அது வயலில் இருக்கிறது.

மேகாங் நதியின் கழிமுகம் நெல் விளையும் பூமி. உழுதவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள். பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நடந்த யுத்தத்தின்போது, தங்கள் செல்வாக்குப் பகுதிகளில் வியட்மின் தோழர்கள் நிலப்பிரபுக்களின் நிலத்தை உழுதவனுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். குத்தகை ஒழிந்தது. 1954ல் ஜெனீவா ஒப்பந்தம் ஆயிற்று. தெற்கில் அமெரிக்கத் தயவில் டியெம் சர்க்கார் வந்தது. ஊரை விட்டு ஓடியிருந்த நிலப்பிரபு, சர்க்கார் அதிகாரியையும் சிப்பாயையும் முன்னால் விட்டுக்கொண்டு திரும்பி வந்தான். விளைச்சலில் கால் பங்குக்கு மேல் குத்தகை வாங்கக்கூடாது என்று 1955ல் ஒரு சட்டம் போட்டார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பல வருஷமாக ஒரு மணி நெல்லும் அளக்காமல் உழுதவனுக்கு அது நிவாரணமா, புதிய நுகத்தடியா? 1956ல் நில உச்சவரம்பும் வந்தது. எவ்வளவு தெரியுமா? 100 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 250 ஏக்கர்! முன்னோர் வழிபாட்டுக்கென்று அதற்கு மேலும் கொஞ்சம். தமிழ்நாட்டில் 1961ல் வந்த 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் உச்சவரம்பிலேயே எத்தனை ஓட்டை இருந்தது என்பதை அறிந்த கீழத்தஞ்சைத் தோழர்களுக்கு இந்த 250 ஏக்கரின் லட்சணத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்த விவசாயியின் முற்றத்தில்தான் காகிதம் விழுந்தது. 'கம்யூனிஸ்டுகள் உன்னை ஏமாற்றுகிறார்கள்' என்றது அது. அவன் நிமிர்ந்து பார்த்தான். குத்தகை வசூலிக்க வந்தவன் எந்தப் பக்கத்து ஜீப்பில் வந்தான் என்பது அவனுக்குத் தெரியும். 'உழுபவனுக்கே நிலம்' என்ற சட்டத்தைச் சைகோன் சர்க்கார் கொண்டுவந்தது 1970 மார்ச்சில். 'சியூ ஹோய்' இயக்கம் தொடங்கி ஏழு வருஷம் கழித்து! அதுவும் வியட்நாமிய விவசாயிகள் துப்பாக்கி தூக்கியதால் வந்த சட்டமே தவிர, வாஷிங்டனின் கருணையால் வந்ததல்ல.

அப்படியானால் யாருமே காகிதத்தைக் கண்டு போகவில்லையா? போனார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்பது அமெரிக்கர்கள் எழுதி வைத்த கணக்கு. வெகுமதிக்காக ஒரே ஆள் இரண்டு தடவை வந்ததும், இயக்கத்தோடு சம்பந்தமே இல்லாதவர்களைப் பட்டியலில் சேர்த்ததும் உண்டு என்று பிறகு அவர்களே முணுமுணுத்தார்கள். இருந்தாலும் உண்மையாகவே சோர்ந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். குண்டும் பசியும் காய்ச்சலும் மாதக்கணக்கில் அரித்தால் மனிதன் சோர்வான். அதை மறைத்து எழுத நமக்கு அவசியமில்லை. அவர்களைச் சோர்வடையச் செய்தது குண்டு. காகிதம் வழி காட்டியது, அவ்வளவுதான்.

காகிதம் ஜெயித்த இடங்களையும் பார்க்க வேண்டும். 1991ல் ஈராக் சிப்பாய்கள் மீது அமெரிக்கா 2 கோடியே 90 லட்சம் பிரசுரங்களை வீசியது. 'நாளை உங்கள் மேல் பி-52 விமானங்கள் குண்டு போடும்' என்று முன்கூட்டிச் சொன்னார்கள், சொன்னபடி போட்டார்கள், மறுபடியும் காகிதம் போட்டார்கள். பல்லாயிரக்கணக்கானோர் சரணடைந்தார்கள். ஏன் சரணடைய மாட்டார்கள்? ஈரானோடு எட்டு வருஷ யுத்தத்தில் உதிரம் சிந்திவிட்டு வந்தவர்கள் அவர்கள். 1978ல் தன் நாட்டுக் கம்யூனிஸ்டுகளைக் கொன்று குவித்த சதாம் உசேன், குவைத்தின் எண்ணெய்க்காக அவர்களை மறுபடி பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். அந்தச் சிப்பாய் எதைக் காக்கச் சாக வேண்டும்?

இதற்கும் வெகுகாலம் முன்பு, 1918 ஜனவரியில், வேறு விதமான ஒரு காகிதமும் வந்தது. ஜெர்மன் தளபதிகளோடு சமாதானம் பேசச் சோவியத் தூதுக்குழு பிரெஸ்ட்-லிடோவ்ஸ்க் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது. தளபதிகளின் கண்ணெதிரிலேயே கார்ல் ராடெக் ஜெர்மன் சிப்பாய்களுக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்தார். யாருடைய மண்ணையும் பிடுங்காத, தண்டத் தொகை கேட்காத சமாதானம் வேண்டும் என்பதே சோவியத் சர்க்காரின் செய்தி. அதே செய்தியை உலகறியச் சட்டமாகவே அது போட்டிருந்தது. சிப்பாய்க்கு அது புரிந்தது. ஏனென்றால் 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கும் கிடைக்காமல் மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் அவனுடைய மனைவி மக்கள். அதே ஜனவரியில் பெர்லின் ஆயுதத் தொழிற்சாலைகளில் லட்சக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். நவம்பரில் கீல் துறைமுகத்துக் கப்பல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கெய்சர் ஓடினான்.

தோற்ற தளபதி லூடென்டார்ஃப் என்ன சொன்னார்? எதிரியின் பிரசாரமும் உள்நாட்டுச் சோஷலிஸ்டுகளும்தான் படையின் மனோபலத்தைக் கெடுத்தார்கள் என்றார். டர்னிப் கிழங்கைப் பற்றி அவருக்கு ஞாபகம் வரவில்லை! அந்தப் பொய்யிலிருந்துதான் ஹிட்லர் பயிர் வளர்த்தான்.

மனோபலத்தைக் கெடுக்கிறான் என்ற இந்தக் குற்றச்சாட்டுத்தான் உழைப்பாளி மக்கள் விழிப்போடு பார்க்க வேண்டிய இடம். எதிரி நாட்டுக்காரன்மேல் வீசும் காகிதத்தை விடத் தன் நாட்டுத் தொழிலாளியின் வாயை அடைக்கும் வேலையில்தான் ஆளும் வர்க்கம் இதை அதிகம் கையாண்டிருக்கிறது. அமெரிக்க ரயில்வே தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸ் 1918ல் யுத்தத்தை எதிர்த்துப் பேசிய ஒரே பேச்சுக்குப் பத்து வருஷச் சிறைத் தண்டனை. நம் நாட்டில் 1962 எல்லை யுத்தத்தின்போது, பேச்சுவார்த்தை மூலம் தீர்வு காண வேண்டும் என்றவர்களை எதிரியின் ஏஜெண்டுகள் என்றார்கள். இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் நூற்றுக்கணக்கான கம்யூனிஸ்டுகள் சிறைக்குப் போனார்கள். யுத்த காலத்தில் பஞ்சப்படி கேட்டால் அதுவும் தேசத் துரோகம். கள்ள மார்க்கெட்டில் அரிசி விற்றால் அது வியாபாரம்.

அமெரிக்க ஏகாதிபத்தியம் தன் ஜனங்கள் மேலும் இந்த யுத்தத்தை நடத்தியது. 1964 ஆகஸ்டு 4ந் தேதி டோன்கின் வளைகுடாவில் தங்கள் கப்பல்கள் மறுபடி தாக்கப்பட்டதாகச் சொல்லி, யுத்தத்துக்கு நாடாளுமன்றத்தின் அனுமதியை வாங்கினார்கள். அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பதை அவர்களுடைய உளவு ஸ்தாபனத்தின் தஸ்தாவேஜுகளே 2005ல் வெளிப்படுத்தின. 1967 நவம்பரில் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் வாஷிங்டனில் நின்று, முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்று முழங்கினார். இரண்டே மாதத்தில், டெட் புத்தாண்டின்போது, விடுதலைப் படை சைகோனில் அமெரிக்கத் தூதராலயத்துக்குள்ளேயே புகுந்தது! அந்தப் போரில் விடுதலைப் படைக்கும் சேதம் கடுமை. ஆனால் அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி பார்த்தவனுக்கு ஒன்று விளங்கிவிட்டது: இத்தனை நாள் நம்மிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

ஹனோய் வானொலியில் டிரின் தி நோ என்ற பெண்மணி ஆங்கிலத்தில் பேசுவார். செத்த அமெரிக்கச் சிப்பாய்களின் பெயர்களை அமெரிக்க ராணுவப் பத்திரிகையிலிருந்தே எடுத்து வாசிப்பார். சிப்பாய்கள் பாட்டுக்காகக் கேட்டார்கள், கேலியும் பேசினார்கள். அதைக் கேட்டுப் படை கலைந்துவிடவில்லை. கலைத்தது வேறு. 1971ல் அமெரிக்கக் கர்னல் ஒருவரே எழுதினார்: படைக்குள் யுத்த எதிர்ப்பு ரகசியப் பத்திரிகைகள் 144 நடக்கின்றன என்று. சிப்பாய்களே எழுதி, சிப்பாய்களே அச்சடித்த பத்திரிகைகள். அவற்றை எந்த விமானமும் வீசவில்லை.

கடைசியாக ஒரு காகிதம். 1962லிருந்து 1971 வரை அமெரிக்க விமானங்கள் தென்வியட்நாமின் காட்டிலும் வயலிலும் 7 கோடி லிட்டருக்கு மேல் இலையுதிர்க்கும் விஷத்தைத் தெளித்தன. அதோடு துண்டுப்பிரசுரமும் ஒலிபெருக்கியும் வந்தன. 'இந்த மருந்து செடியை மட்டும்தான் வாட்டும், மனிதருக்கும் மாட்டுக்கும் தீங்கில்லை' என்று விவசாயிகளுக்கு உறுதி கூறின. அதில் டயாக்சின் இருந்தது. தெளித்த அமெரிக்கச் சிப்பாய்களே நோயில் விழுந்து வழக்குப் போட்டார்கள். 1984ல் ரசாயனக் கம்பெனிகள் அவர்களுக்கு 18 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. வியட்நாமியர்கள் அதே கம்பெனிகள் மீது நியூயார்க்கில் போட்ட வழக்கை 2005ல் தள்ளுபடி செய்தார்கள். 2009ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்பீலை விசாரிக்கவே மறுத்தது. பழைய விமானத் தளங்களின் மண்ணைச் சுத்தம் செய்ய அமெரிக்கா பின்னால் பணம் கொடுத்திருக்கிறது. தீங்கில்லை என்ற காகிதத்தை நம்பி அந்த வயலில் நின்ற விவசாயிக்கு அந்தக் கம்பெனிகள் இதுவரை ஒரு டாலர் கொடுக்கவில்லை.