அப்பாவுக்கும் ஒரு நிழல் வேண்டும்

மகள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்ட அப்பாவைக் குடும்பப் படத்தில் சேர்த்துத் தரச் சொல்வது நம்மூர் ஸ்டுடியோக்களில் இன்று சர்வ சாதாரணம். துபாயில் லீவு கிடைக்காமல் போன அண்ணன், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்த அக்கா என்று விடுபட்டவர்களையெல்லாம் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பழைய படத்திலிருந்து ஆளை வெட்டியெடுப்பது இப்போது பெரிய வித்தை இல்லை. பென் டூலை வைத்துக்கொண்டு தலைமுடி ஓரத்தில் மல்லாடிய காலம் போய், ஒரு சொடுக்கில் மென்பொருளே வெட்டித் தந்துவிடுகிறது. ஆனாலும் இப்படிச் சேர்த்த பல படங்களில் அப்பா குடும்பத்தோடு நிற்பதில்லை, தரைக்கு மேலே மிதக்கிறார். நிழலைக் கவனிக்காததுதான் காரணம்.

1990-இல் ஃபோட்டோஷாப் வெளிவந்தபோது அதில் லேயர் வசதியே கிடையாது. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது சேர்ந்தது. அன்றைக்கு நிழல் வேண்டுமென்றால் உருவத்தை நகலெடுத்து, கறுப்பு நிரப்பி, மங்கலாக்கி, கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். 1998-இல் ஐந்தாம் பதிப்பு அதை ஒரு டிக் போடும் வேலையாக்கிவிட்டது. அதுதான் டிராப் ஷேடோ. அழைப்பிதழ் எழுத்துக்கும் ஃப்ளெக்ஸ் தலைப்புக்கும் அது அருமையான கருவி. அது தருவது, சுவருக்குச் சற்று முன்னால் பிடித்த அட்டையின் நிழல். அதையே நிற்கும் மனிதனுக்குப் போட்டால் அவரும் அட்டையாகிவிடுகிறார். பின்னால் நிற்கும் சித்தியின் பட்டுப்புடவை மீது அவருடைய தோள் நிழல் விழுகிறது, காலடியிலோ ஒன்றும் இல்லை.

வெயிலில் நின்று உங்கள் நிழலையே ஒருமுறை நன்றாகப் பாருங்கள். செருப்பின் ஓரம் கோடு போட்டதுபோல் தெளிவாக இருக்கும், தலையின் ஓரம் கலங்கலாக இருக்கும். சூரியன் வெறும் புள்ளி இல்லை. நம் கண்ணுக்கு அது ஏறக்குறைய அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் பொருளுக்கும் நிழல் விழும் இடத்துக்கும் ஒரு மீட்டர் தூரம் இருந்தாலே ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மங்கல் படரும். தூரம் கூடக்கூட மங்கலும் கூடும். நிறமும் அப்படித்தான். வெட்டவெளியில் நிழல் முழுக் கறுப்பாக இருப்பதில்லை. சூரிய ஒளி படாத அந்த இடத்துக்கும் வானத்திலிருந்து வெளிச்சம் வருகிறது. லேசான நீலம் கலந்திருக்கும், அடியில் இருக்கும் செங்கல்லும் கோலமும் தெரியும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் வேலை கடினமில்லை. வெட்டிய உருவத்தை நகலெடுத்துக் கீழ் லேயரில் வைத்து அடர்நிறம் நிரப்புங்கள். அந்த நிறத்தைப் படத்தில் பக்கத்தில் நிற்பவரின் நிழலைத் தொட்டு எடுப்பது உத்தமம். மல்டிப்ளை முறையில் வைத்து, அந்த நிழலோடு ஒத்துப்போகும்வரை ஓபாசிட்டியைக் குறையுங்கள். பிறகு டிஸ்டார்ட். பாதம் அசையக் கூடாது, தலையை மட்டும் மற்றவர்கள் நிழல் சாய்ந்திருக்கும் பக்கம் தரையோடு இழுக்க வேண்டும். நீளத்துக்கும் பக்கத்து ஆள்தான் அளவுகோல். தலைப் பக்கம் ப்ளர் அதிகம், கால் பக்கம் குறைவு. இடையில் சுவர் குறுக்கிட்டால், தரை முடியும் கோட்டில் நிழல் மடங்கிச் சுவரில் ஏற வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் இதையெல்லாம் செய்யலாம்.

இத்தனையும் செய்துவிட்டுப் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. பாதம் தரையைத் தொடுகிறதே, அந்த இடத்தில் எந்த வெளிச்சமும் நுழைய முடியாது. நிழலிலேயே மிக அடர்ந்த, நூல்போன்ற கோடு அங்கேதான் இருக்கும். தனி லேயரில் சிறிய பிரஷ்ஷால் குதிகால் அடியிலும் விரல் அடியிலும் அதை வரைந்தால்தான் ஆள் தரையில் ஊன்றி நிற்பார். நாலு பக்கமும் விளக்கு எரியும் கல்யாண மண்டபத்தில் பெரிய நிழல் எதுவும் தெளிவாக விழாது. அங்கே பெரும்பாலும் இந்த ஒரு கோடே போதும்.

முகம் வேறு கதை. மூக்கு எந்தப் பக்கம் நிழல் போடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம்தான் வெளிச்சம். பழைய படத்தில் வெளிச்சம் இடமிருந்தும் கல்யாணப் படத்தில் வலமிருந்தும் வந்திருந்தால், அவசரக்காரர்கள் முகத்தைக் கண்ணாடிபோல் திருப்பிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஆல்பம் டிசைனர் ஒருவர் அப்படித்தான் செய்திருந்தார். படத்தைப் பார்க்க வந்த பெண் வெகுநேரம் பேசவே இல்லை.

"சட்டைப் பை வலப்பக்கம் வந்திருச்சேண்ணா."

"வெளிச்சம் ஒத்துவரலம்மா, அதான் திருப்பிட்டேன்."

"மச்சமும் அந்தக் கன்னத்துக்குப் போயிருச்சு. அப்பா மாதிரி இருக்கு. அப்பா இல்லண்ணா."

அவர் மறுபேச்சில்லாமல் வேறு படம் கேட்டு வாங்கி முதலிலிருந்து செய்துகொடுத்தார். முந்தானை எந்தத் தோளில், மூக்குத்தி எந்தப் பக்கம், வகிடு எங்கே என்பதையெல்லாம் வீட்டார் மறக்கவே மாட்டார்கள். வெளிச்சம் பொருந்தாவிட்டால் வேறு படம் தேடுங்கள், முகத்தைத் திருப்பாதீர்கள்.

இல்லாதவரைப் படத்தில் சேர்ப்பது பொய்யில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுக் கூடத்தில் மாட்டும் படத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அப்பா அன்று இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். செய்திப் படத்தில் இந்த வேலையைச் செய்தால் அது மோசடி, அதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. அங்கே உண்மையைச் சோதிக்கவும் நிழல்தான் உதவுகிறது. அமெரிக்க அதிபர் கென்னடி கொலையில் குற்றம் சாட்டப்பட்ட ஆஸ்வால்ட் துப்பாக்கியோடு கொல்லைப்புறத்தில் நிற்கும் படத்தை, முக நிழலும் தரை நிழலும் வெவ்வேறு திசை காட்டுகின்றன என்று பல காலம் போலி என்றார்கள். 2009-இல் கணினி அறிவியலாளர் ஹானி ஃபரீத் அந்தத் தலையை முப்பரிமாணத்தில் கணினியில் உருவாக்கி, ஒரே சூரியன் இரண்டு நிழலையும் தரும் என்று காட்டினார். வெறும் கண்ணால் நிழல் திசையைக் கணிப்பதில் நாம் எல்லோரும் பலவீனர்கள். அதனால் கோடு போட்டுப் பாருங்கள். நிழலில் தலையின் நுனியிலிருந்து ஆளின் தலை நுனிக்கு ஒரு கோடு, கை விரலுக்கும் அப்படியே ஒன்று. ஒரே விளக்கென்றால் கோடுகளெல்லாம் ஒரே புள்ளியை நோக்கிப் போக வேண்டும். போலியைப் பிடிக்க உதவும் இந்தக் கோடு, புதிதாகப் போடும் நிழலைச் சரிபார்க்கவும் உதவும்.

டிசைனர்களின் பெரிய தலைவலி, வீட்டார் கொண்டுவரும் படம். பெரும்பாலும் ரேஷன் கார்டுக்கோ பேங்க் பாஸ்புக்குக்கோ எடுத்த மார்பளவுப் படம்தான் கிடைக்கிறது. அதில் கால் இல்லை, வெளிச்சத்துக்குத் திசையும் இல்லை. வேறொருவரின் உடம்பைத்தான் ஒட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா? வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் அவர்களை வாசலில் நிறுத்தி, தலையிலிருந்து கால் வரை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள்.